பட்ட மரத்தில் விறகு எடுப்பது: குவாசூலு-நேட்டாலுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

ஆடி மாதம் இங்கே, தென் ஆப்பிரிக்காவின் குவாசூலு-நேட்டால் மாகாணத்தில், குளிர்காலம். அம்மன் கோயில்களில் கூழ் ஊற்றும் ஞாயிற்றுக்கிழமைகளில் விடியற்காலை நான்கு மணிக்கே அடுப்பு மூட்டிவிடுவார்கள். இடுப்பளவு தேக்சாக்கள், மூன்று கல் அடுப்புகள், வரிசையாகப் புகை. கேஸ் அடுப்பில் இந்த அளவுக்குச் சமைத்தால் கட்டுப்படியாகாது. திருமணம், கருமாதி, தைப்பூசம், தீமிதி எல்லாவற்றுக்கும் விறகு வேண்டும். அது போக மின்வெட்டு நாட்களுக்காகக் கொல்லைப்புறத்தில் அடுப்பு போட்டுக்கொண்ட குடும்பங்களும் உண்டு. ஆகவே இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ புதிதாக வந்து டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க், டோங்காட் பக்கம் குடியேறியவர்கள் கோயிலுக்கு நான்கு வாரம் போனால், ஐந்தாவது வாரம் யாராவது ஒருவர் கேட்பார்: "சனிக்கிழமை விறகுக்குப் போகிறோம், வருகிறீர்களா?"

நானும் அப்படிக் கூப்பிட்டுத்தான் போனேன். தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்தவனுக்கு விறகு என்றால் சவுக்கும் கருவேலமும்தான். கடைக்காரர் எடை போட்டுக் கொடுப்பார், நாம் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவோம். நிற்கிற மரத்தை விறகாக்கும் வேலை எனக்குத் தெரியாது. பட்டுப்போன மரம்தானே, தள்ளினால் விழுந்துவிடும் என்று நினைத்தேன். அந்த நினைப்பு எவ்வளவு தவறு என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. பச்சை மரத்தைவிடப் பட்ட மரம்தான் ஆளைக் கொல்லும். முதல் இரண்டு வருடமாவது நிற்பதைத் தொடாமல் கிடப்பதை மட்டும் எடுங்கள். கீழே எழுதியிருக்கும் அத்தனையும் இந்த ஒரு பேச்சுக்குள் அடங்கும்.

முதலில் கேளுங்கள்: மரம் யாருடையது?

காய்ந்த மரத்துக்கு யார் கேட்கப் போகிறார்கள் என்பது நம் ஊர் வழக்கம். இங்கே கேட்பார்கள். தனியார் பண்ணையானால் உரிமையாளரிடம் கையெழுத்துப் போட்ட ஒரு துண்டுச் சீட்டு வாங்கி வண்டியில் வைத்துக்கொள்ளுங்கள். வழியில் நிறுத்திக் கேட்டால் அந்தச் சீட்டுதான் பேசும். தெருவோர மரம் நகராட்சியுடையது. உங்கள் வீட்டு மதிலை ஒட்டி நின்றாலும் அது உங்களுடையதல்ல. பூங்கா, வனவிலங்குக் காப்பகம் பக்கம் போகவே வேண்டாம். கிராமப்புறத்தில் சூலு மக்களின் நிலமானால் ஊர்த் தலைவரான இந்துனாவைப் பார்த்துப் பேசாமல் ஒரு சுள்ளிகூடப் பொறுக்கக் கூடாது. அங்கே தலைச்சுமையாக விறகு கொண்டுபோகும் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் வீட்டு அன்றாட அடுப்பு அதில்தான் எரிகிறது. நாம் ஒரு வண்டி நிறைய அள்ளிக்கொண்டு போனால் அது பக்திக் கணக்கில் சேராது.

1998-ஆம் ஆண்டின் தேசியக் காடுகள் சட்டம் சில மரங்களைப் பாதுகாக்கப்பட்டவை என்று பட்டியல் போட்டிருக்கிறது. மரூலா, லெட்வுட் எனப்படும் ஈயக்கட்டை, ஒட்டகமுள் மரம், யெல்லோவுட் வகைகள், டர்பன் கடற்கரையில் நிற்கும் வெள்ளை மில்க்வுட், கழிமுகத்துக் கண்டல் மரங்கள் எல்லாம் அதில் வரும். இவற்றை உரிமம் இல்லாமல் வெட்டினால் மட்டும் குற்றம் என்று நினைத்துவிடாதீர்கள். வைத்திருப்பது, ஏற்றிச் செல்வது, வாங்குவது, விற்பது எல்லாமே அதில் அடங்கும். பட்டுப்போன ஒட்டகமுள் கட்டைக்கும் உரிமம் வேண்டும். பெயர் தெரியாத நாட்டு மரம் என்றால் விட்டுவிட்டு வாருங்கள். விறகுக்கு வேறு மரம் இங்கே ஏராளம்.

எடுக்க வேண்டியது, எடுக்கக் கூடாதது

அந்த ஏராளத்தில் முதலிடம் வாட்டிலுக்கு. கறுப்பு வாட்டில் ஆஸ்திரேலிய மரம். 1864-இல் நேட்டாலுக்கு விதையாக வந்தது. இங்குள்ள தமிழர்களின் முன்னோரில் முதல் தொகுதியினர் ஒப்பந்தக் கூலிகளாக ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து வந்து இறங்கி நான்கு வருடம் கழித்து. அவர்கள் கரும்புத் தோட்டத்தில் அடைபட்டார்கள். வாட்டில், தோல் பதனிடப் பட்டை தரும் மரமாகத் தோட்டத்தில் நடப்பட்டு, பிறகு வேலி தாண்டி ஆற்றங்கரை ஓடைக்கரை எங்கும் பரவிவிட்டது. இன்று அது தண்ணீரை உறிஞ்சும் ஆக்கிரமிப்பு மரம். பண்ணைக்காரர்கள் அதை ஒழிக்கவே பாடுபடுகிறார்கள் என்பதால் அனுமதி கேட்டால் பெரும்பாலும் சிரித்துக்கொண்டே தருவார்கள். நன்றாக எரியும், தணல் நின்று எரியும், சமையலுக்கு இதைவிட நல்ல விறகு இந்தப் பக்கத்தில் இல்லை என்பது என் கட்சி. ஒரு குறை உண்டு: வேர் ஆழம் போகாது. பட்டுப்போன வாட்டில் எந்தக் காற்றில் வேரோடு சாயும் என்று சொல்ல முடியாது.

அடுத்தது கம் மரம், அதாவது யூகலிப்டஸ். சலிக்னா என்றும் சொல்வார்கள். ஈரமாக இருக்கும்போதே பிளந்துவிட வேண்டும். காய்ந்த பிறகு அதன் முறுக்கு நாரில் கோடரி மாட்டிக்கொண்டால் மத்தியானம் வரை அதோடுதான் மல்லுக்கட்ட வேண்டும். தோட்டங்களில் வெட்டு முடிந்த பிறகு மிஞ்சிக் கிடக்கும் கிளைகளை எடுத்துக்கொள்ளச் சில இடங்களில் அனுமதிப்பார்கள். கேட்டுப் பாருங்கள், புதியவர்களுக்கு அதுதான் சரியான பள்ளிக்கூடம். பைன் பற்ற வைக்க நல்லது, சமைக்க ஆகாது. பிசின் பொரிந்து தேக்சாவின் அடியில் கரி அப்பும்.

சிரிங்கா என்று இங்கே சொல்வது நம் மலைவேம்பு. வேப்பமரம் அரிதான இந்த ஊரில் அம்மனுக்கு இதன் இலையைத்தான் பலர் வேப்பிலையாகக் கட்டுகிறார்கள். ஆகவே சில பெரியவர்கள் அதை அடுப்பில் வைக்க ஒப்ப மாட்டார்கள். மனத்தாங்கல் வேண்டாம், விட்டுவிடுங்கள். ஒப்புக்கொண்டாலும் அதன் கிளை முறிவது ஒரு நொடி வேலை. பட்ட சிரிங்காவின் மேல் யாரையும் ஏறவிடாதீர்கள்.

இனி, தொடவே கூடாதவை. வடக்கே சூலுலாந்துப் பக்கம் போனால் தம்போட்டி என்று ஒரு மரம். கட்டை கனமானது, கரும்பழுப்பு நிறம், சந்தனம் போல வாசனை. பார்த்தாலே எடுத்துக்கொண்டு போகத் தோன்றும். அதன் பால் கண்ணில் பட்டால் கண் பழுதாகும். அதன் புகையில் சுட்ட இறைச்சியைத் தின்றவர்கள் வாந்தி பேதியில் சுருண்டிருக்கிறார்கள். சிதம்பரத்துத் தில்லை மரத்தின் பால் பட்டால் பார்வை போகும் என்று கேள்விப்பட்டிருப்பீர்களே, தம்போட்டி அந்தத் தில்லையின் நெருங்கிய உறவு. கடல் கடந்து வந்தாலும் குடும்பக் குணம் போகவில்லை. வீட்டுத் தோட்டத்து அரளியும் அப்படித்தான். காய்ந்த அரளிக் குச்சியில் சோளம் சுடுவது கூடாது.

நஞ்சு மரம் என்றால் யாரும் நினைத்துப் பார்க்காத ஒன்று வேலிக் கம்பம். பழைய கம்பங்கள் சும்மா கிடக்கும், நேராக இருக்கும், நன்றாகக் காய்ந்திருக்கும். வெட்டிய முகத்தில் இலேசான பச்சை நிறம் தெரிந்தால் அது ஆர்செனிக், செம்பு, குரோமியம் கலந்த மருந்து ஏற்றிய கம்பம். எரித்தால் ஆர்செனிக் புகையிலும் போகும், சாம்பலிலும் தங்கும். ரயில் தண்டவாளத்துப் பழைய கட்டைகளில் கிரியோசோட் தார். இரண்டையும் எந்த அடுப்பிலும், குளிர்காயக்கூட, வைக்காதீர்கள்.

பேனா முனையளவு துளை

2017-இல் பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாவரவியல் பூங்காவின் பிளேன் மரங்களில் ஒரு வண்டைக் கண்டுபிடித்தார்கள். நீளம் இரண்டு மில்லிமீட்டர், எள்ளைவிடச் சிறியது. தென்கிழக்கு ஆசியாவிலிருந்து வந்தது. மரத்தில் துளை போட்டு உள்ளே பூஞ்சையை விதைத்து, அந்தப் பூஞ்சையைத் தின்று குஞ்சு வளர்க்கும். ஒரு வகையில் நம்மைப் போல விவசாயிதான். பூஞ்சை மரத்தின் நீர்க்குழாய்களை அடைக்க, கிளை கிளையாக மரம் பட்டுப்போகும். ஜோகன்னஸ்பர்க், ஜார்ஜ், நைஸ்னா என்று அது ஊர் ஊராகப் போனதில் விறகு வண்டிகளுக்குப் பெரும் பங்கு உண்டு. நாம் விறகு தேடுவது பட்ட மரத்தில். அது ஏன் பட்டது என்று பார்க்காமல் ஏற்றினால் வண்டையும் சேர்த்துத்தான் ஏற்றுகிறோம்.

பார்ப்பது எளிது. அடிமரத்துப் பட்டையில் பால்பாயிண்ட் பேனா முனை நுழையும் அளவுக்கு வட்டமான துளைகள் இருக்கின்றனவா? அவற்றைச் சுற்றி ஈரக்கறை, பிசின், வெள்ளைப் பொடி, மெல்லிய நூடுல்ஸ் போல வெளித்தள்ளிய மரத்தூள்? ஒரு சிம்பு பட்டையைச் செதுக்கிப் பாருங்கள், உள்ளே பழுப்புக் கறை ஓடியிருக்கும். கொல்லைப்புறத்து அவகாடோ, ஓக், மேப்பிள், ஆமணக்கு, ஏன், வாட்டிலும்கூட இதற்கு இரையாகும். இப்படிப்பட்ட மரத்தை அந்த இடத்திலேயே எரித்துவிடலாம். இல்லையென்றால் சிறு துண்டுகளாக்கி, நிறமற்ற பிளாஸ்டிக் தாளால் ஓரம் முழுவதும் மண் போட்டு மூடி, கோடை வெயிலில் குறைந்தது 6 வாரம் விட வேண்டும். ஊர் விட்டு ஊர் மட்டும் கொண்டுபோகாதீர்கள். பொதுவாகவே விறகை எடுத்த வட்டாரத்திலேயே எரிப்பது நல்ல பழக்கம்.

மேலே பார்

எங்கள் விறகுக் குழுவில் ஒரு தாத்தா இருந்தார். நான்காம் தலைமுறை. தமிழ் கொஞ்சம்தான் வரும். வந்த கொஞ்சத்தில் விறகு, கட்டை, கோடரி, சும்மா இரு, மேலே பார் ஆகியவை உண்டு. நான் முதல் நாள் கோடரியோடு ஒரு பட்ட கம் மரத்தை நோக்கி நடந்தபோது பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தார். "தம்பி, மேலே பார்." பார்த்தேன். ஒன்றுமில்லை என்றேன். "இன்னும் பார்." ஐந்து நிமிடம் நிற்க வைத்தார். அப்போதுதான் தெரிந்தது: இருபது அடி உயரத்தில் என் கால் பருமனுக்கு ஒரு முறிந்த கிளை, மரத்தோடு ஒட்டில்லாமல், இன்னொரு கிளையின் கவட்டில் சும்மா சாய்ந்துகொண்டிருந்தது. காற்று ஒரு பக்கம் அசைந்தால் அதுவும் அசைந்தது. ஆங்கிலத்தில் இதற்கு விதவையாக்கி என்று பொருள்படும் பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர் வைத்தவர்கள் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

பட்ட மரத்தில் அடியில் போடும் ஒவ்வொரு வெட்டும் உச்சிக்கு அதிர்வாகப் போகும். பச்சை மரம் அந்த அதிர்வை வளைந்து வாங்கிக்கொள்ளும். காய்ந்தது வாங்காது, உச்சி முறிந்து, வெட்டுகிறவன் தலையில் நேராக இறங்கும். ஆகவே மரத்தை நெருங்குவதற்கு முன்பே தூரத்தில் நின்று சுற்றிலும் ஒரு வட்டம் வாருங்கள். எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது? தொங்கும் கிளை உண்டா? பக்கத்து மரத்தில் அதன் கிளை பின்னியிருக்கிறதா? மின்கம்பி எட்டும் தூரத்தில் இருந்தால் அந்த மரத்தை மறந்துவிடுங்கள், அது மின்வாரியத்தின் வேலை.

பிறகு அடிமரம். தட்டு தட்டாகக் காளான் முளைத்திருந்தால் உள்ளே உளுத்துவிட்டது என்று பொருள். கோடரியின் பின்பக்கத்தால் மெதுவாகத் தட்டிக் கேளுங்கள். கட்டி மரம் டங் என்று கெட்டியாகச் சத்தம் கொடுக்கும். பொந்து மரம் தவில் போலத் தும் என்று முழங்கும். அந்தத் தும் சத்தம் கேட்டால் திரும்பி நடங்கள். உளுத்த மரத்தை எந்தப் பக்கம் விழ வைக்க நினைத்தாலும் அது தன் இஷ்டத்துக்கே விழும். வேரடியில் மண் வெடித்திருக்கிறதா, ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். பட்டை பாதி உரிந்து தொங்கினால் அதற்குக் கீழேயும் நிற்காதீர்கள். கம் மரத்துப் பட்டை ஆள் உயர நீளத்துக்கு உரிந்து விழும்.

மூன்றாவது வருடம், இத்தனையும் தெரிந்த பிறகும், நான் அடி வாங்கினேன். சின்ன வாட்டில், தொடைப் பருமன்கூட இல்லை. மேலே பார்த்தேன், சுத்தமாக இருந்தது. பக்கத்து மரத்தைப் பார்க்கவில்லை. நான் அறுத்த மரம் சாயும்போது பக்கத்து மரத்தின் காய்ந்த கிளையை உரசி முறித்தது. அது பின்பக்கம் எகிறி என் தலைக்கவசத்தில் விழுந்தது. கவசம் நெற்றிப் பக்கம் கீறல் விட்டது, கழுத்து பத்து நாள் திரும்பவில்லை. அந்தக் கவசம் இன்றும் எங்கள் கோயில் விறகுக் கொட்டகையில் ஆணியில் தொங்குகிறது. புதிதாக வருகிறவர்களுக்கு அதைக் காட்டிவிட்டுத்தான் புதுக் கவசம் கொடுக்கிறோம்.

உடை, கருவி

செருப்புப் போட்டுக்கொண்டு விறகுக்கு வருவது நம்மவர்களின் தீராத பழக்கம். விரல் முனையில் இரும்புத் தொப்பி வைத்த பூட்ஸ், தலைக்கவசம், கண்ணாடி, கையுறை இவை இல்லாமல் வண்டியில் ஏற்ற மாட்டோம் என்று எங்கள் குழுவில் சொல்லிவிட்டோம். செயின்சா பிடிப்பவருக்குக் காது மூடியும், தொடையை மறைக்கும் பாதுகாப்புக் காலுறையும் கூடுதலாக. அந்தக் காலுறைக்குள் நீண்ட நார்கள் அடைத்திருக்கும். சங்கிலி பட்டால் நார் பற்சக்கரத்தில் சுற்றிக்கொண்டு ரம்பத்தை நிறுத்திவிடும். விலை அதிகம்தான். தொடையின் இரத்தக் குழாய்க்கு விலை போட்டுப் பார்த்தால் அதிகமில்லை.

தொடக்கத்தில் செயின்சா வேண்டாம். வில் ரம்பம், கைக்கோடரி, பிளக்கும் கோடரி, இரண்டு இரும்பு ஆப்பு, கரும்பு வெட்டும் கத்தி ஒன்று போதும். செயின்சா வாங்கியே தீர வேண்டும் என்றால் ஒரு நாள் பயிற்சிக்குப் போய்விட்டு வாங்குங்கள். மூன்று விஷயம் மட்டும் இங்கே சொல்கிறேன்: சங்கிலி ஓடும் இரும்புப் பட்டையின் நுனியில் மேல்பக்கக் கால்வட்டம் எதிலும் படக் கூடாது, பட்டால் ரம்பம் கண்மூடித் திறப்பதற்குள் முகத்தை நோக்கித் திரும்பும், தோளுக்கு மேலே தூக்கி அறுக்கக் கூடாது, ஏணியில் நின்று அறுக்கவே கூடாது.

தனியாகப் போகாதீர்கள். கைப்பேசியில் சிக்னல் இருக்கும் இடம் எது என்று முதலில் பார்த்துவையுங்கள். ஆம்புலன்ஸ் எண் 10177, கைப்பேசியிலிருந்து 112. இரத்தப்போக்கை அழுத்திக் கட்ட அகலமான கட்டுத்துணி, சட்டைப் பையில். வண்டியில் வைத்தால் வேண்டிய நேரத்தில் வண்டி எங்கோ நிற்கும்.

கிடப்பதை அறுப்பது

விழுந்து கிடக்கும் மரம் செத்துப்போன பாம்பைப் போல என்று நினைத்துவிட வேண்டாம், அதற்குள் இறுக்கம் இருக்கும். கட்டையின் இரண்டு முனையும் மேட்டில் தாங்கி நடு அந்தரத்தில் இருந்தால் மேல்பக்கம் நெருக்கத்திலும் கீழ்ப்பக்கம் இழுப்பிலும் இருக்கிறது. மேலிருந்து மட்டும் அறுத்துக்கொண்டே போனால் பாதியில் ரம்பத்தைக் கவ்விப் பிடிக்கும். மேலே மூன்றில் ஒரு பங்கு அறுத்து நிறுத்தி, மீதியைக் கீழிருந்து மேலாக அறுங்கள். ஒரு முனை மட்டும் தாங்கி மறுமுனை நீட்டிக்கொண்டிருந்தால் கணக்கு தலைகீழ்: கீழே மூன்றில் ஒரு பங்கு முதலில், பிறகு மேலிருந்து. இதை மாற்றிச் செய்தால் கட்டை நீளவாக்கில் சிராய் சிராயாகப் பிளந்து எகிறும்.

சரிவில் அறுக்கும்போது எப்போதும் மேட்டுப் பக்கம் நில்லுங்கள். உருளும் கட்டை யாரையும் பார்த்து உருளாது. விழுந்த மரத்தின் கீழே இளங்கன்று ஏதாவது வில் போல வளைந்து மாட்டியிருந்தால் அதை ஒரே வெட்டாக வெட்டாதீர்கள், விடுபட்டுச் சாட்டையாக அடிக்கும். வளைவின் உட்பக்கத்தில் சிறிது சிறிதாகச் சீவினால் மெல்லத் தளரும்.

நிற்பதை அறுக்கத்தான் வேண்டும் என்ற நாள் வரும்போது பக்கத்தில் தெரிந்தவர் ஒருவர் இருக்கட்டும். தொடைப் பருமனுக்கு மேற்பட்டதை அப்போதும் தொட வேண்டாம். மரத்தின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தூரத்துக்குள் வேறு ஆள் நிற்கக் கூடாது. விழும் திசைக்கு நேர் பின்னால் ஓடாமல், பின்பக்கம் மூலைவாட்டில் ஓட ஒரு வழியைச் செத்தை, கொடி இல்லாமல் முன்பே வெட்டிச் சுத்தம் செய்யுங்கள். விழும் பக்கத்தில் விட்டத்தில் நாலில் ஒரு பங்கு ஆழத்துக்கு வாய் வெட்டு. எதிர்ப்பக்கத்திலிருந்து அதற்குச் சற்று மேலே பின்வெட்டு. இரண்டும் சேர்ந்துவிடக் கூடாது. நடுவில் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு மரம் கீல் போல நிற்க வேண்டும். அந்தக் கீல்தான் மரத்தை மெதுவாகப் படுக்க வைக்கிறது. பட்ட மரத்தில் கீல் காய்ந்து போயிருப்பதால் வளையாமல் சட்டென்று முறியும், அதனால்தான் இத்தனை எச்சரிக்கை. ஆப்பு வைத்துச் சம்மட்டியால் அடிக்கும் வேலையும் பட்ட மரத்தில் ஆகாது, ஒவ்வொரு அடிக்கும் உச்சி ஆடும். சாயத் தொடங்கிய நொடியில் ரம்பத்தை விட்டுவிட்டு, கண்ணை மேலே வைத்தபடி விலகுங்கள். பக்கத்து மரத்தில் மாட்டிக்கொண்டு அந்தரத்தில் நின்றுவிட்டால் அதற்குக் கீழே போகாமல், டிராக்டர் வைத்திருப்பவரைக் கூப்பிடுங்கள்.

காற்று அடிக்கும் நாளில் இது எதையுமே செய்யாதீர்கள். மலைப்பக்கத்திலிருந்து சூடான பெர்க் காற்று இறங்கும் குளிர்கால நாட்களில் வீட்டிலிருப்பதே உத்தமம்.

குடியிருப்பவர்கள்

பட்ட மரம் நமக்கு விறகு, வேறு பலருக்கு வீடு. மரங்கொத்தியும் குக்குறுவானும் பொந்து வைப்பது பட்ட மரத்தில்தான். பொந்துக்குள் போவதும் வருவதுமாக இருந்தால் அந்த மரத்தை அவற்றுக்கே விட்டுவிடுங்கள். தேனீ என்றால் நீங்களே விட்டுவிடுவீர்கள்; இந்தப் பக்கத்துத் தேனீ நம் ஊர் அடுக்குத் தேனீ போலச் சாது அல்ல. இரண்டு நிமிடம் அசையாமல் நின்று பொந்தின் வாயைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பாம்பு விஷயத்தில் நேட்டால் கொடுத்துவைத்த இடம்: கருமாம்பா, கடலோரப் பச்சைமாம்பா, துப்பும் நாகம், பஃப் ஆடர் எல்லாம் உண்டு. கருமாம்பா டர்பன் நகர்ப்புறங்களிலேயே குடியிருக்கிறது. அடிமரப் பொந்தும் பழைய விறகுக் குவியலும் அதற்குப் பிடித்த இடங்கள். கட்டையைத் தூக்குவதற்கு முன் நீளக் கம்பால் தட்டுங்கள். தூக்கும்போது உங்கள் பக்கம் உயரும்படிப் புரட்டாமல், உங்கள் பக்கம் தாழ்ந்திருக்க மறுபக்கம் திறக்கும்படி உங்களை நோக்கிப் புரட்டுங்கள். உள்ளே இருப்பது உங்களை விட்டு விலகி ஓட வழி கிடைக்கும். விரலைக் கட்டையின் கீழே விடாதீர்கள். கடித்துவிட்டால் கீறுவது, உறிஞ்சுவது, மருந்து வைப்பது எதுவும் வேண்டாம். ஆளை அசையாமல் படுக்க வைத்து உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். துப்பிய விஷம் கண்ணில் பட்டால் தண்ணீரால் கழுவிக்கொண்டே போங்கள்.

ஏற்றுவதும் அடுக்குவதும்

பக்கி என்று யாராவது உங்களைப் பார்த்துச் சொன்னால் கோபித்துக்கொள்ள வேண்டாம். நம் ஊரில் அது வசைச்சொல், இங்கே திறந்த சரக்கு வண்டிக்குப் பெயர். அரை டன் பக்கியில் கண்ணுக்கு இடம் இருக்கிறதே என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். பச்சை கம் கட்டை ஒரு கன மீட்டர் ஏறக்குறைய ஒரு டன் வரும். பக்கச் சுவருக்கு மேல் போகாமல் ஏற்றி, குறுக்கே பட்டைக் கயிறு இழுத்துக் கட்டுங்கள். மலை இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போன பிறகு கட்டையை எண்ணிப் பயனில்லை.

பட்ட மரமானாலும் எல்லாம் உடனே எரிந்துவிடாது. உச்சிக் கிளை காய்ந்திருக்கும், அடிமரத்தில் ஈரம் இருக்கும். இரண்டு துண்டை எடுத்து ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். முனையில் நட்சத்திரம் போல வெடிப்பு ஓடியிருக்க வேண்டும். கையில் எடுத்தால் பருமனுக்குத் தக்க கனம் இருக்கக் கூடாது. ஈர விறகில் கூழ் வைத்தால் கூழுக்கு முன்னால் சமையல்காரர் கண் கொதிக்கும். ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே வர, பிளந்து அடுக்கிய விறகுக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடம் ஆகும். எங்கள் கணக்கு சுலபம்: போன ஆடிக்குப் பிறகு எடுத்தது வருகிற ஆடிக்கு.

பிளக்கும்போது கம் கட்டையை நடுவில் அடித்து மூச்சு வாங்காதீர்கள், ஓரத்திலிருந்து பாளம் பாளமாகக் கழற்றுங்கள். அட்டியைத் தரையில் போடாமல் இரண்டு நீளக் கட்டையின் மேல் தூக்கிப் போடுங்கள். மேலே மட்டும் தகரம், பக்கங்கள் காற்றாட. கறையானும் பாம்பும் வரும் என்பதால் வீட்டுச் சுவரோடு ஒட்டி அடுக்கக் கூடாது.

தீ மூட்டும் நாளில் தீ அபாய அறிவிப்பைப் பாருங்கள். சிவப்பு என்று அறிவித்துவிட்டால் வெளியில் அடுப்பு இல்லை, அன்று கேஸ்தான். புல் காய்ந்து கிடக்கும் காலம், ஒரு பொறி போதும். பக்கத்தில் தண்ணீர்க் குடமும் மண்ணும் தயாராக இருக்கட்டும். பந்தி முடிந்த பிறகு குளிருக்கு இதமாக இருக்கிறதே என்று தணல் சட்டியை அறைக்குள் எடுத்துப்போகாதீர்கள். புகை இல்லாத தணலிலிருந்தும் கார்பன் மோனாக்சைடு வரும், வாசனை இருக்காது, தூங்கியவர் எழுந்திருக்க மாட்டார். தணல் மீது தண்ணீர் ஊற்றி, கம்பால் கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையைச் சாம்பலுக்கு மேலே பிடித்துப் பாருங்கள். சூடு தெரிந்தால் இன்னொரு குடம்.